கேளா இடம்

தல்காவானோ துறைமுகம், இரண்டாம் உலர்துறை.
கப்பலின் வயிற்றுக்கடியில் நிற்கிறோம்.
சிவப்புப் பூச்சு இன்னும் காயவில்லை.
என் இடுப்புப் பையில் ரிசீவர்:
சோப்புக்கட்டி அளவு,
அரைச் சாண் நீளத்தில் இரண்டு ஆன்டெனா,
கரப்பான் மீசை மாதிரி.

வெல்டர் எலெயுதேரியோ கார்கமோவின் சட்டைக்குள்
பயறளவு மைக் ஒன்றை ஒட்டியிருக்கிறேன்.
அவர் பேசினால் அங்கே ஒரு சவ்வு அசைகிறது,
சவ்வு மின்சாரத்தை அசைக்கிறது,
அது ஓர் அலையைப் பிடித்து
நெருக்கியும் தளர்த்தியும் அனுப்புகிறது.
நொடிக்கு ஐம்பத்து நாலு கோடித் துடிப்பு.

காலையில் அந்த எண்ணைத் தேடவே அரை மணி ஆனது.
குன்றின் மேல் டி.வி. கோபுரம்,
பக்கத்துத் தேவாலயத்தின் கார்ட்லெஸ் மைக்,
எல்லாரும் முன்னமே வந்து
வானத்தில் பாய் விரித்துப் படுத்திருந்தார்கள்.
இடுக்கில் ஒருத்தர் குந்தும் இடம் கிடைத்தது.

இந்தப் பெட்டி நாள் முழுக்கச் செய்வது
பெரும்பாலும் மறுப்புத்தான்.
வருவதையெல்லாம் தள்ளிவிட்டு
அந்த ஒன்றை மட்டும் உள்ளே விடும்.
விட்டதையும் அப்படியே வைத்துக்கொள்ளாது;
தன்னிடமுள்ள இன்னோர் அலையோடு மோதவிட்டு
வித்தியாசத்தை எடுக்கும்.
வித்தியாசத்தின் தள்ளாட்டம்தான் கார்கமோவின் குரல்.
அலையை எறிந்துவிட்டுத் தள்ளாட்டத்தை
என் காதில் ஊற்றும்,
இருமலோடு, பல்லிடுக்கு விசிலோடு.

இரும்பு இல்லாத ஊரில் கதை இத்தோடு முடியும்.

இங்கே ஒரே சொல்
நேராக ஒரு தடவை வருகிறது,
கப்பலில் முட்டி இன்னொரு தடவை வருகிறது.
சில இடங்களில் இரண்டும்
ஏறும்போது ஒன்று இறங்கும்போது ஒன்று என எதிரெதிரே சந்தித்து
ஒன்றையொன்று தின்று முடித்துவிடும்.
ஒரு சாண் தள்ளினால் மறுபடி முழுக் குரல்.
அதற்காகத்தான் இரண்டு மீசை:
ஒன்று செவிடானால் மற்றது கேட்கும்.
இரண்டும் செவிடானால்
பெட்டி கதவைச் சாத்திக்கொள்ளும்.
இரைச்சலைக் கொட்டி ஏமாற்றாது.
சுத்தமான ஒன்றுமில்லை.

"எல்லாம் கேட்குமா இதில்?" என்றார் முதல் நாள்.
ஹெட்ஃபோனை அவர் தலையில் மாட்டி, பையையும் கொடுத்து,
மைக்கோடு நான் நடந்தேன்,
ஒன்று இரண்டு என எண்ணிக்கொண்டே.
சுக்கான் அருகே கையை உயர்த்தினார்:
"பதினேழில் நீ இல்லை."
காலடியில் சாக்பீஸால் பெருக்கல் குறி போட்டார்,
தகட்டில் வெட்டுமிடம் குறிக்கிற அதே கையால்.
தண்டின் பக்கம் இன்னொன்று.
நங்கூரச் சங்கிலியோரம் மூன்றாவது.
குழந்தை மாதிரிச் சிரித்தார்.

மறுநாள் அதே இடத்தில் நான், அதே பை.
இயக்குநர் மைதே கேட்டாள்:
சாரம் ஆடுகிறது என்று தெரிந்தும்
அன்றைக்கு அந்தப் பையனை
மேலே போகச் சொன்னது யார்?

கார்கமோ பதில் சொல்லவில்லை.
தொப்பியைக் கழற்றி மாட்டினார்.
பிறகு கேமராவைப் பார்த்தபடியே
பின்னால் மூன்றடி, பக்கவாட்டில் ஒன்று,
சங்கிலியோரக் குறிமேல்
பூட்ஸைச் சரியாகப் பதித்து நின்றார்.

உதடு அசைந்தது.
இரண்டு முள்ளும் விழுந்தன.
பெட்டி கதவைச் சாத்தியது.

ஏழு நொடி இருக்கும்.
மைதேக்கு ஹெட்ஃபோன் இல்லை,
நல்ல முகம் கிடைத்தது என்று கட்டைவிரல் காட்டினாள்.
அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இடப்பக்கம் ஒரு சாண்
நான் நகர்ந்திருந்தால் போதும்.

நகரவில்லை.